மூன்று மில்லிமீட்டர்



குடும்ப மாத இதழில் டிராக்டர் உதிரிப் பாகங்களைப் பற்றி எழுத வந்துவிட்டானே, இவனுக்கு வேறு பொருளே அகப்படவில்லையா என்று நீங்கள் நினைக்கக்கூடும். சகோதரிகள் இப்பக்கத்தைத் தள்ளிவிட்டுச் சமையற் குறிப்புகளுக்குச் சென்றுவிடவும் கூடும். சற்றே பொறுங்கள். உங்கள் அடுக்களையில் எரிவாயு உருளையின் வாயில் ரெகுலேட்டர் சரியாக அமராமல் 'உஸ்' என்று கசிந்தால் உங்கள் நெஞ்சு எப்படிப் பதறும்? அப்படிப் பதறவேண்டிய ஒரு பொருத்தத்தைப் பற்றித்தான் நான் சொல்லப்போகிறேன். அந்தப் பொருத்தம் தவறியதால், கைம்பெண்ணான என் தங்கையின் ஒரே மகன் ஒரு வினாடி இடைவெளியில் உயிர் பிழைத்தான். அதற்குக் காரணமான சாமானைக் கடையில் பேரம் பேசி, விலை குறைந்ததே என்று மகிழ்ந்து வாங்கி வந்தவன் நானே.

சவுதி அரேபியாவில் பதினான்கு ஆண்டுகள் உழைத்துவிட்டு 2019-ஆம் ஆண்டில் ஊர் திரும்பினேன். கூத்தாநல்லூருக்கு அருகே எங்கள் அத்தா விட்டுச்சென்ற நிலம் பன்னிரண்டு மா. அதாவது நான்கு ஏக்கர். அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த இயலாது என்பதால், சேமிப்பில் பெரும்பகுதியைப் போட்டு 45 குதிரைத்திறன் கொண்ட பழைய டிராக்டர் ஒன்றை வாங்கினேன். சொந்த உழவு போக மற்ற நாட்களில் மணிக் கணக்கில் வாடகைக்கு ஓட்டலாம் என்பது என் எண்ணம். ஒன்பது கொத்துக் கலப்பையை ஒருவரிடமும், ரோட்டவேட்டரை வேறோர் ஊரில் மற்றொருவரிடமும் வாங்கினேன். எல்லாம் பழையவை. ஒவ்வொன்றும் வேறொரு வண்டிக்கென்று வாழ்க்கைப்பட்டு, இறுதியில் என் கொட்டகைக்கு வந்து சேர்ந்தவை. இங்கேதான் தொல்லை தொடங்கியது.

டிராக்டரின் பின்புறத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கீழே இரண்டு இரும்புக் கைகள் நீண்டிருக்கும். மேலே நடுவில் ஒரு கை. கலப்பையை இம்மூன்றிலும் ஊக்குப் போட்டு மாட்டுவார்கள். இந்த மும்முனை இணைப்பைப் பரவலாக்கிய பெருமை ஹாரி பெர்குசன் என்பவரையே சாரும். 1884-இல் அயர்லாந்தில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தவர் அவர். அதற்கு முன்பெல்லாம் கலப்பையை வண்டியின் பின்னே வெறுமனே கட்டி இழுத்தார்கள். கலப்பை பாறையிலோ வேரிலோ சிக்கினால் வண்டி முன்புறம் தூக்கி ஓட்டுபவர் மேலேயே கவிழும். பெர்குசனின் மூன்று கைகள் அந்த இழுவிசையை வண்டியின் உடலுக்குள் வாங்கி, முன்சக்கரங்களைத் தரையில் அழுத்திப் பிடித்தன. 1938-இல் அவரும் அமெரிக்காவின் ஹென்றி போர்டும் வெறும் கைகுலுக்கலோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மறு ஆண்டே அந்த இணைப்புடன் டிராக்டர் வெளிவந்தது. எழுத்தில் இல்லாத அவ்வொப்பந்தம் பின்னர் நீதிமன்றப் படியேறி 1952-இல்தான் தீர்ந்தது என்பது தனிக்கதை. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுங்கள் என்று நமக்குக் கட்டளையிடப்பட்டிருப்பது எதற்காக என்பதற்கு வேறு சான்று வேண்டுமா!

இன்று உலகெங்கும் இவ்விணைப்புக்குப் பொது அளவுகள் உண்டு. சிறிய வண்டிகளுக்கு உரிய முதல் பிரிவில் கீழ்க்கையின் ஊக்கு 22 மில்லிமீட்டர் பருமன். அடுத்த பிரிவில் 28 மில்லிமீட்டர். என் வண்டியின் கீழ்க்கைகளில் உள்ள பந்துகளின் துளை இரண்டாம் பிரிவைச் சேர்ந்தது. நான் வாங்கிய கலப்பையின் ஊக்கோ முதல் பிரிவு. 28-இல் 22 போனால் மீதி ஆறு. சுற்றிலும் பகிர்ந்தால் பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர். இந்த மூன்று மில்லிமீட்டர் இடைவெளியை நிரப்புவதற்கு ஒரு குழல் செருகுவார்கள். அதற்குப் 'புஷ்' என்று பெயர். கடைகளில் அது இருவகையாகக் கிடைக்கிறது. ஒன்று மலிவானது, மற்றது அதைப் போல் மூன்று மடங்கு விலை. பார்வைக்கு இரண்டும் இரும்புக் குழல்தான். நான் எதை வாங்கியிருப்பேன் என்று நீங்கள் ஊகிக்க வேண்டியதில்லை.

மலிவான அந்தப் புஷ்ஷைக் கையில் வாங்கிய அன்றே உற்றுப் பார்த்திருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயை அறுத்துத் துண்டாக்கி, வெட்டுவாயின் பிசிறைக்கூட அராவாமல், மஞ்சள் பூச்சுப் பூசி விற்றிருந்தார்கள். பந்தினுள் போட்டால் 'கடகட' என்று ஆடியது. ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாத ஆட்டம். ஆடினால் என்ன, உழும்போது இறுகிக்கொள்ளும் என்றார் கடைக்காரர், நானும் தலையாட்டினேன்.

உழும்போது இறுகத்தான் செய்தது. ஆனால் வயலின் கோடியில் கலப்பையைத் தூக்கித் திரும்பும்போதெல்லாம் அந்த ஒரு மில்லிமீட்டர் ஒரு சுத்தியலாக மாறியது. ஓர் ஏக்கர் உழுது முடிப்பதற்குள் எத்தனை திருப்பம் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் 'டக்' என்று ஓர் அடி. பதினைந்து நாட்களில் புஷ் நசுங்கி முட்டை வடிவாயிற்று. புதிதாக ஒரு ஜோடி வாங்கிப் போட்டேன். அதுவும் நசுங்கியது. பின் கலப்பை இடமும் வலமும் அலைந்தது. வரிசை கோணியது, சில இடங்களில் மண் ஆழமாகவும் சில இடங்களில் மேலோட்டமாகவும் கிளறப்பட்டது. மேல்கையின் ஊக்குத் துளையும் தேய்ந்துவிட்டிருந்தது. என் வண்டியில் கலப்பை எவ்வளவு பாரத்தை இழுக்கிறது என்னும் சேதி அந்த மேல்கை வழியாகவே ஹைட்ராலிக்குக்குப் போகிறது. ஊக்கு ஆடினால் சேதியும் குழறும். கலப்பை காரணமின்றித் தூக்குவதும் இறங்குவதுமாக இருக்கும். வண்டிக்குப் பிணி என்று நான் மெக்கானிக்கை அழைத்து ஹைட்ராலிக்கைப் பிரிக்கச் சொன்னேன். அதற்கு ஒரு செலவு! பிணி இருந்த இடமோ வேறு.

இதைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. டிராக்டரின் வரவு செலவை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வருபவள் அவள்தான். ஒரு நாள் இரவு இஷாவுக்குப் பிறகு நோட்டைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள்.

"என்னங்க, இந்தச் சம்பாவில் மட்டும் 'புஷ்' என்று ஏழு இடத்தில் எழுதியிருக்கிறேன். அது என்ன, தின்கிற சாமானா?"

கூட்டிப் பார்த்தோம். மூன்று மடங்கு விலையுள்ளதை இரண்டு முறை வாங்கியிருக்கலாம். அதோடு நோட்டில் ஏறாத கணக்கு ஒன்றும் இருந்தது. மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்த நிலக்காரர்கள், ஒருமுறை உழவேண்டிய இடத்தில் இருமுறை உழச்சொல்லிப் பணம் கொடுத்திருக்கிறார்கள். என் கலப்பை ஆடியதற்கு அவர்கள் கூலி கொடுத்தார்கள். அது யாருடைய பணம் என்ற கேள்வி என் மனத்தை இன்றும் அறுக்கிறது. அவர்களுள் நினைவில் நின்ற மூவருக்கு அடுத்த பருவத்தில் அந்த மணிகளைக் கழித்துக்கொடுத்தேன். மற்றவர்கள் யார் யாரென்று எனக்கு நினைவில்லை.

மறுநாள் விலை உயர்ந்த புஷ்ஷை வாங்கப் புறப்பட்டவனை வழியில் தடுத்தவர், எங்கள் ஊர்க் கடைத்தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கும் முதிய ஆசாரியார். பந்தைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார். வெர்னியரை உள்ளே நுழைத்து மூன்று இடங்களில் அளந்தார். "பாய், உங்கள் பந்தே தேய்ந்து போயிற்று. இனிமேல் இதற்குக் கம்பெனி அளவில் எதை வாங்கினாலும் ஆடும்" என்றார். பிறகு இ.என்.8 என்னும் வகை எஃகுத் தண்டொன்றை எடுத்து, என் ஊக்குக்கும் என் பந்துக்கும் ஏற்பக் கடைந்து, ஒரு முனையில் விளிம்பும் வைத்துக் கொடுத்தார். போட்டுப் பார்த்தபோது கை விரலால் தள்ளினால் போகிறது, ஆட்டினால் ஆடவில்லை.

"இதைக் காய்ச்சித் தோய்த்துக் கெட்டிப்படுத்த வேண்டாமா, ஆசாரியாரே?" என்று என் அரைகுறை அறிவைக் காட்டினேன்.

அவர் சிரித்தார். "இரண்டில் ஒன்று தேய்ந்துதான் ஆகும், பாய். விலை குறைந்தது தேயட்டும். புஷ்ஷைக் கல்லாக்கினால் பந்து தேயும்."

அவர் வாங்கிய கூலி, கடையில் இருந்த இரு விலைகளுக்கும் நடுவில் இருந்தது. அந்தப் புஷ் முழுசாக இரண்டு பருவம் ஓடியது. விலை உயர்ந்ததையும் பின்னொரு நாள், பந்துகளைப் புதிதாக மாற்றிய பிறகு, வாங்கிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. சீராகக் கடைந்து, அளவு பிசகாமல் இருந்தது. ஆனால் தேய்ந்த பந்துக்குள் அதைப் போட்டிருந்தால் அந்த விலை வீணாகியிருக்கும்.

புஷ் தேய்ந்தால் பணம் போகும், பொழுது போகும். அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை.

2023-ஆம் ஆண்டு ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தார்கள். குறுவைக்குச் சேடை ஓட்ட எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ரோட்டவேட்டர் வேண்டியிருந்தது. டிராக்டரின் பின்னால் மூன்று கைகளுக்கு நடுவே ஒரு குட்டைத் தண்டு சுழலும். ஆறு பல் வெட்டிய, ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் பருமனுள்ள தண்டு அது. நிமிடத்துக்கு 540 சுற்று. அதைப் பி.டி.ஓ. என்பார்கள். அதிலிருந்து ரோட்டவேட்டருக்குச் சக்தியைக் கொண்டுசெல்வது ஒரு நீண்ட இணைப்பு ஷாஃப்ட். ஒன்றனுள் ஒன்றாக நுழைந்து நீளும் இரு குழாய்கள் கொண்டது. அவை மூன்றில் ஒரு பங்கேனும் ஒன்றையொன்று பற்றியிருக்க வேண்டும் என்பது தொழில் தெரிந்தவர்களின் விதி. நான் வாங்கிய ரோட்டவேட்டரின் ஷாஃப்டை அதன் பழைய உரிமையாளர் தம் வண்டிக்கு ஏற்ப அறுத்திருந்தார். என் வண்டிக்கு அது நான்கு விரற்கடை குறைவு.

புது ஷாஃப்ட் வாங்கியிருக்க வேண்டும். அதன் விலையில் ஆறில் ஒரு பங்குக்கு ஒரு 'நீட்டி' கிடைத்தது. ஒரு பக்கம் வண்டியின் தண்டில் மாட்டிக்கொண்டு மறுபக்கம் அதே போன்ற ஆறு பல் தண்டாக வெளியே நீளும் இரும்புத் துண்டு. ஒற்றைப் போல்ட்டை முறுக்கி நிறுத்துவது. அந்தப் போல்ட்டின் தலை அரை அங்குலம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. பல்லும் தண்டின் பல்லும் ஒன்றோடொன்று சரியாகக் கவ்வவில்லை. கையால் திருப்பினாலே சற்று ஆடும். எல்லாவற்றுக்கும் மேலாக, சுழலும் தண்டுக்கு மேல் கம்பெனிக்காரர்கள் ஒரு தகட்டு மூடி வைத்திருக்கிறார்கள் அல்லவா, நீட்டி மாட்டியதும் சுழலும் பகுதி அந்த மூடியைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. இவையெல்லாம் இன்று எனக்குத் தெளிவாகத் தெரிகின்றன. அன்று என் கண்ணில் பட்டது ஆறில் ஒரு பங்கு விலை மட்டுமே.

வண்டியை ஓட்டியவன் என் மருமகன். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. நான் வயலின் மறு கோடியில் வரப்பை வெட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஏதோ தட்டும் ஓசை கேட்டு அவன் வண்டியை நிறுத்தி இறங்கியிருக்கிறான். இஞ்சினை அணைக்கவில்லை, பி.டி.ஓ.வையும் விடுவிக்கவில்லை. ஓசை சுழலும்போதுதானே கேட்கும் என்று குனிந்து பார்த்திருக்கிறான். நம் ஊர்ப் பிள்ளைகள் வயலில் என்ன உடுத்தியிருப்பார்கள்? கைலிதான். அதன் ஓரம் அந்தப் போல்ட் தலையில் பட்டது.

கணக்கைக் கேளுங்கள். நிமிடத்துக்கு 540 என்றால் வினாடிக்கு ஒன்பது சுற்று. நீட்டியின் சுற்றளவு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். ஆக, ஒரு வினாடியில் 180 சென்டிமீட்டர் துணியை அது விழுங்கும். ஒரு கைலியின் நீளம் இரண்டு மீட்டர். "ஐயோ" என்று சொல்லி முடிக்கவும் நேரமில்லை.

எங்கள் அத்தா கட்டியிருந்த பச்சை நிற அகல பெல்ட் ஒன்று உண்டு. நம் பெரியவர்கள் கைலிக்கு மேல் கட்டுவார்களே, காசு வைக்கப் பையும் பித்தளைக் கொக்கிகளுமாக, அதேதான். நன்னாவின் நினைவாக மருமகன் அதை ஆசையோடு கட்டிக்கொண்டுதான் வயலுக்கு வருவான். கைப்பேசியையும் அதில்தான் வைப்பான். அன்று காலை அவசரத்தில் வீட்டிலேயே மறந்துவிட்டான். சும்மா சொருகியிருந்த கைலி உருவிக்கொண்டு போயிற்று. அவன் சேற்றில் மல்லாந்து விழுந்தான். இடத்தொடையில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் கிழிந்து ஒன்பது தையல், மணிக்கட்டில் சுளுக்கு. வேறொன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். நான் ஓடிச்சென்று இஞ்சினை அணைத்தபோது ஷாஃப்டில் நீலக் கட்டமிட்ட அந்தக் கைலி கயிறு போல் முறுக்கிச் சுற்றியிருந்தது. கத்தியால் அறுத்தே எடுக்க வேண்டியிருந்தது. எடுக்கும்போது என் கை நடுங்கியதை நான் மறைக்க முயலவில்லை, மறைக்கவும் முடிந்திராது.

மாலையில் தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் அழவில்லை, என்னைக் கடிந்துகொள்ளவும் இல்லை. வெகுநேரம் சும்மா இருந்துவிட்டு, "அண்ணே, அந்தச் சாமான் என்ன விலை?" என்று கேட்டாள். சொன்னேன். "அவ்வளவுதானா?" என்றாள். பிறகு எழுந்து தேநீர் போடச் சென்றாள். அந்தத் தேநீரை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்கே தெரியாது.

நல்ல கம்பெனி நீட்டியை வாங்கியிருந்தால் இது நடந்திருக்காதே என்று நண்பர்கள் சொன்னார்கள். நானும் சில நாட்கள் அப்படித்தான் எண்ணினேன். பின்னர் அப்படிப்பட்ட உயர்ந்த நீட்டி ஒன்றை ஒரு கடையில் எடுத்துப் பார்த்தேன். பல் கச்சிதமாக வெட்டப்பட்டிருந்தது. போல்ட்டின் தலை உள்ளே புதைந்திருந்தது. கையில் பிடிக்கவே மனத்துக்கு இதமாக இருந்தது. ஆனால் அதுவும் மூடியைத் தாண்டித்தான் நீளும். பாரத்தை வண்டியின் பேரிங்கிலிருந்து அதுவும் தள்ளித்தான் வைக்கும். அங்கே மலிவா உயர்வா என்ற கேள்விக்கே இடமில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்ப வைத்துவிட்டு, என் வண்டிக்கு உரிய நீளத்தில், பிளாஸ்டிக் உறையும் அவ்வுறை சுழலாமல் பிடித்துநிறுத்தும் சங்கிலியும் கொண்ட புது ஷாஃப்டை வாங்கினேன். பணத்துக்கு என் மனைவியின் வளையல் ஒன்று வங்கிக்குப் போயிற்று. மறு அறுவடையில் மீட்டேன். நோட்டில் அதை அவள் 'ஷாஃப்ட்' என்று எழுதவில்லை. தங்கை மகன் பெயரில் எழுதியிருக்கிறாள்.

மருமகன் இப்போது கால்சட்டை அணிந்து ஓட்டுகிறான். பி.டி.ஓ.வை விடுவித்து, இஞ்சினையும் அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே இறங்குகிறான். மறந்தால் நான் கத்துகிறேன். அந்தப் பச்சை பெல்ட்டைத் தங்கை பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டிவிட்டாள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வாடகைக்கு வண்டி ஓட்டினால், சகோதரிகளே, அவர்கள் என்ன உடுத்திக்கொண்டு ஓட்டுகிறார்கள் என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஊக்குக்குப் பதில் போல்ட்டைச் செருகியிருக்கிறார்களா, லிஞ்ச் பின்னுக்குப் பதில் கம்பியை முறுக்கியிருக்கிறார்களா என்று ஆடவர்கள் பார்க்கட்டும். பாரம் மிகுந்தால் தானே முறிந்து இயந்திரத்தைக் காக்கவேண்டிய மெலிந்த போல்ட்டின் இடத்தில், அடிக்கடி முறிகிறதே என்று கெட்டியான போல்ட்டைப் போடுபவர்களும் உண்டு. அவர்களுக்கு அடுத்து முறிவது கியர் பெட்டியாக இருக்கும்.

இவ்வளவும் பட்ட பிறகு எனக்கு மலிவுச் சாமான் என்றாலே அச்சம் வந்துவிட்டது. அச்சத்தில் செய்த அறிவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். கலப்பையை மாட்ட ஒவ்வொரு முறையும் இறங்கி ஊக்குப் போடவேண்டாம், வண்டியைப் பின்னால் விட்டால் தானே கொக்கி மாட்டிக்கொள்ளும் என்று, 'குவிக் ஹிட்ச்' எனப்படும் உயர்தர இணைப்புச் சட்டம் ஒன்றைக் கடந்த ஆண்டு வாங்கினேன். விலையைக் கேட்காதீர்கள். பளபளவென்று, வார்ப்பில் ஒரு குறை சொல்ல முடியாத வேலைப்பாடு. மேல் கொக்கிக்கும் கீழ்க் கொக்கிகளுக்கும் உள்ள இடைவெளி அதில் பொது அளவுப்படி நிலையாக இருக்கிறது. நம் கலப்பைகளோ உள்ளூர்ப் பட்டறைகளில் அடித்தவை. நடுக்கம்பத்தின் உயரம் பட்டறைக்குப் பட்டறை வேறு. கீழ்க் கொக்கிகள் மாட்டினால் மேல் கொக்கி எட்டவில்லை. மேல் கொக்கி மாட்டினால் கீழ்க் கொக்கிகள் அந்தரத்தில் நின்றன. ஆசாரியார் வந்து அளந்து பார்த்துவிட்டு, "கலப்பையை அறுத்து ஒட்டலாம் பாய், ஆனால் பிறகு அது வேறு வண்டிக்கு ஆகாது" என்றார். மனைவி நோட்டை மூடிவைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள்.

அது இப்போது கொட்டகையில் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது. கோழிகள் அதன் மேல் அடைகின்றன. வாசகர்களில் யாருக்கேனும் அதனால் பயன் உண்டாயின் நேரில் வரட்டும். பாதி விலைக்குத் தருகிறேன். வரும்போது உங்கள் கலப்பையின் நடுக்கம்ப உயரத்தை மறவாமல் அளந்துகொண்டு வாருங்கள்.